போர்தோவில் நான்கு இரவு: 1,204 யூரோ பட்ஜெட் 1,896 ஆவது எப்படி?

பிரான்ஸின் தென்மேற்கில் இருக்கும் ஒயின் ஊரான போர்தோவுக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் முதலில் விசாரிப்பது ஒயின் விலையைத்தான். உலகின் விலையுயர்ந்த ஒயின்கள் சில இந்த ஊரைச் சுற்றி விளைகின்றன. அதனால் கோப்பையில்தான் பணம் கரையும் என்ற பயம் வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒயின் செலவு சொன்ன இடத்தில் அப்படியே நிற்கிறது. பட்ஜெட்டைக் கிழிப்பவை வேறு இரண்டு: நாள்காட்டியும், ரயில் நிலையத்துக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவில் கிடக்கும் சில கிலோமீட்டரும்.

இதைக் காட்ட ஒரு மாதிரிப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து பாரீஸ் வழியாக வரும் கணவன், மனைவி. ஒருவர் சைவம், மதுவும் தொடுவதில்லை. மற்றவருக்கு இரண்டிலும் தடையில்லை. அக்டோபர் மூன்றாவது வாரத்தில் ஒரு செவ்வாய் பகல் போர்தோவில் இறங்கி, சனி பகல் பாரீஸுக்கு ரயிலேறுகிறார்கள். விமானக் கட்டணமும் பாரீஸில் தங்கும் செலவும் இந்தக் கணக்கில் இல்லை. விலைகள் எல்லாம் திட்டமிடுவதற்கான தோராயம். டிக்கெட் எடுக்கும் நாளில் பத்து, பதினைந்து சதவீதம் இப்படியோ அப்படியோ நகரும்.

முதல் தாளில் எழுதியது

வழக்கமாக எழுதுவது இப்படித்தான் இருக்கும். பாரீஸ்–போர்தோ ரயில் ஆளுக்கு ஒரு வழி 40 யூரோ, இருவருக்கும் போக வர 160. மூன்று நட்சத்திர விடுதி இரவுக்கு 110, நான்கு இரவுக்கு 440. சாப்பாடு ஆளுக்கு நாளுக்கு 35, ஐந்து நாளுக்கு 350. டிராம் 30. ஒயின் அருங்காட்சியகமான சித்தே து வான் நுழைவு ஆளுக்கு 22, இருவருக்கும் 44. ஷாத்தோ எனப்படும் ஒயின் தோட்ட மாளிகைகள் இரண்டில் சுற்றிப் பார்த்துச் சுவைக்க ஆளுக்கு 20 வீதம் 80. ஊருக்குக் கொண்டுவரும் புட்டிகளுக்கு 100. மொத்தம் 1,204 யூரோ.

பார்க்க நேர்த்தியான தாள். ஒவ்வொரு எண்ணும் தனியாக நியாயமானதுதான். தவறெல்லாம் தாளில் எழுதாமல் விட்டதில் இருக்கிறது.

விசா கேட்கும் எண்ணைச் செலவு என்று எண்ண வேண்டாம்

உள்ளே போவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விடுதிப் பதிவு இருந்தால் ஆளுக்கு நாளுக்கு 65 யூரோ, பதிவு இல்லாவிட்டால் 120 யூரோ கையிருப்பு காட்ட வேண்டும் என்பது பிரான்ஸின் விதி. மொத்தப் பயணம் 8 நாள் என்றால் இருவருக்கும் முறையே 1,040, 1,920 யூரோ. இது வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய பணம். 'நாளுக்கு 65 போதுமாம்' என்று இதையே செலவுத் திட்டமாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது எல்லையில் கேட்கும் குறைந்தபட்சம். சாப்பாட்டுக் கடையில் யாரும் அந்த விலைப்பட்டியலை வைத்திருப்பதில்லை.

ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு ஈடு தரும் பயணக் காப்பீடு கட்டாயம். இவை பயணம் முழுவதற்குமான செலவுகள் என்பதால் போர்தோக் கணக்கில் சேர்க்கவில்லை.

விசா கைக்கு வரும் முன்பே விடுதியையும் ரயிலையும் பதிய வேண்டியிருப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. டிஜிவி இனுய் எனும் அதிவேக ரயிலின் டிக்கெட்டைப் புறப்படுவதற்கு 7 நாள் முன்புவரை கட்டணமின்றி மாற்றலாம், ரத்தும் செய்யலாம். அதே தண்டவாளத்தில் ஓடும் மலிவு ரயிலான விகோவில் அந்தத் தாராளம் கிடையாது. விகோ 15, 20 யூரோ குறைவாகத் தெரிந்தாலும், விசா முத்திரை விழும்வரை இனுய்தான் பாதுகாப்பு. விடுதியும் ரத்து செய்யக்கூடிய அறையாகவே இருக்கட்டும்.

ரயில்: எந்தச் சனிக்கிழமை?

பாரீஸ் மோன்பர்னாஸிலிருந்து போர்தோ சேன்-ஜான் நிலையத்துக்கு 2017 ஜூலையில் அதிவேகப் பாதை திறந்தபின் வேகமான வண்டி இரண்டு மணி நேரம் சொச்சத்தில் போய்விடுகிறது. அதனால் பாரீஸ்காரர்களுக்குப் போர்தோ வார இறுதி ஊராகிவிட்டது. வெள்ளி மாலை பாரீஸிலிருந்தும் ஞாயிறு மாலை போர்தோவிலிருந்தும் கிளம்பும் வண்டிகள் அந்த வாரத்தின் உச்ச விலையில் இருக்கும். செவ்வாய், புதன் நடுப்பகல் வண்டிகள் மலிவு.

நம் தம்பதி செவ்வாயில் போவதால் போகும் டிக்கெட் 45க்குக் கிடைக்கிறது. வரும் சனிக்கிழமைதான் சிக்கல். அக்டோபர் பிற்பாதியில் பிரெஞ்சுப் பள்ளிகளுக்குத் துசான் விடுமுறை இரண்டு வாரம். அது தொடங்கும் சனிக்கிழமையும் இவர்கள் திரும்பும் சனிக்கிழமையும் ஒன்றாக விழுந்துவிட்டால், மூன்று வாரம் முன்பு பதிந்தாலும் 80 யூரோவுக்குக் குறைவாக இருக்கை கிடைப்பது கஷ்டம். 160 என்று எழுதியது 250 ஆகிறது. நம்மூரில் பொங்கலுக்கு முந்தின நாள் ஆம்னி பஸ்ஸில் நடப்பதேதான்.

பெட்டிகளுக்கும் விதி உண்டு. இனுயில் ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டி, ஒரு கைப்பை வரை செல்லும். விகோவின் அடிப்படை டிக்கெட்டில் ஒரு சிறு பெட்டியும் கைப்பையும் மட்டும். சென்னையிலிருந்து 23 கிலோ பெட்டியோடு வருகிறவர்கள் அதற்கான கூடுதல் கட்டணத்தைப் பதியும்போதே கட்டிவிட வேண்டும். நடைமேடையில் பிடிபட்டால் அதுவே பல மடங்கு.

தாளில் இடமே பெறாத இன்னொன்று: ஷார்ல் தெ கோல் விமான நிலையத்திலிருந்து மோன்பர்னாஸ் வரை போவது. விமான நிலைய டிக்கெட் ஆளுக்கு 13, 14 யூரோ. இருவர், இரு வழி, 56 யூரோ. எர்-ஏ-எர் 'பி' ரயிலில் வந்து கார் து நோர்ட் நிலையத்தில் மெட்ரோ 4க்கு மாறினால் நேராக மோன்பர்னாஸ். கார் து நோர்ட் நிலையத்தை ஒட்டித்தான் லா ஷப்பேல், ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த தெருக்கள். சைவம் சாப்பிடுகிறவருக்கு ரயிலுக்கு முன் ஒரு வேளை தோசை நிச்சயம். ஆனால் நிலையத்தை விட்டு வெளியே வந்த நொடியில் விமான நிலைய டிக்கெட் முடிந்துவிடும். மறுபடி மெட்ரோவுக்கு ஆளுக்குச் சுமார் 2.50 யூரோ.

ஷார்ல் தெ கோலிலிருந்தே நேராகப் போர்தோவுக்கு ஓடும் டிஜிவிகள் நாளைக்குச் சில உண்டு. விமானம் இறங்கும் நேரத்தோடு பொருந்தினால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் வசதிதான். விமானம் தாமதித்தால் ரயில் போய்விடும். குறைந்தது மூன்று மணி நேரம் இடைவெளி வைக்காமல் எடுக்கக்கூடாது.

அறையும், அறையோடு ஒட்டி வரும் வரியும்

சேன்-ஜான் நிலையப் பக்கமும் மெரியதெக் பக்கமும் அறை மலிவு. கிரான் தேயாத்ரு நாடக அரங்குக்கு அருகில் விலை கூடும். டிராம் 'சி' தடம் நிலையத்திலிருந்து ஆற்றங்கரையோடு பூர்ஸ் சதுக்கம், கான்கோன்ஸ் என்று போவதால், நிலையப் பக்கம் தங்குவதில் இழப்பு பெரிதாக இல்லை. இரவுக்கு 110 என்ற மதிப்பீடு இந்தப் பருவத்துக்குச் சரி. ஜூன் பிற்பகுதியில் நடக்கும் ஒயின் திருவிழா நாட்களிலும், ஏப்ரலில் புதிய ஒயினைச் சுவைக்க வணிகர்கள் திரளும் ஆன் பிரிமேர் வாரத்திலும் இதே அறை வேறு விலை.

பதியும் தளத்தில் தெரியும் விலைக்கு மேல் சுற்றுலா வரி வரும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு இரவுக்கும், விடுதியின் நட்சத்திரத்தைப் பொறுத்து. போர்தோ அடங்கிய ஜிரோந்து மாவட்டத்தில் 2024 முதல் இந்த வரியின் மேல் இன்னொரு 34 சதவீதம் ஏறியிருக்கிறது. போர்தோவுக்குத் தெற்கே துலூஸ் பக்கம் போடப்போகும் அதிவேக ரயில் பாதைக்கு நிதி சேர்க்கும் வழி அது. ஆளுக்கு இரவுக்கு 2.50 என்று வைத்தால் நம் கணக்கில் 20 யூரோ. பெரிய தொகையில்லை. ஆனால் கிளம்பும் காலையில் வரவேற்பு மேசையில் கேட்கும்போது எரிச்சல் தரும் தொகை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இந்த வரி இல்லை.

விடுதிக் காலை உணவை ஆளுக்கு 15 யூரோவுக்குச் சேர்த்துக்கொள்வதுதான் இந்தப் பகுதியில் உண்மையான விரயம். நான்கு காலைக்கு 120 யூரோ. தெருமுனை ரொட்டிக் கடையான பூலான்ஜரியில் ஒரு க்ருவாசானும் காபியும் ஆளுக்கு 5 யூரோவுக்குள் முடியும். நான்கு காலைக்கு 40.

சாப்பாடு: பலகையில் எழுதியிருப்பதைப் படிப்பது

நாளுக்கு 35 யூரோ என்று தட்டையாக எழுதினால் சாப்பாட்டுக் கணக்கு தவறத்தான் செய்யும். இங்கே மதியச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் ஒரே கடையில் ஒரே சமையல்காரர் கையில் வெவ்வேறு விலை. மதியம் கடை வாசலில் கரும்பலகையில் 'ஃபொர்முயூல்' என்று எழுதிவைப்பார்கள். முன்னுணவும் முக்கிய உணவும், அல்லது முக்கிய உணவும் இனிப்பும், 16 முதல் 22 யூரோ. அதன் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'லன்தி – வான்திரெதி' என்று இருக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் என்று பொருள். சனிக்கிழமை அதே மேசையில் உட்கார்ந்தால் முழு விலைப்பட்டியல்தான் கைக்கு வரும். எனவே வார நாட்களில் வயிறு நிறையச் சாப்பிட வேண்டியது மதியம், இரவு இலேசாக.

நேரம் தவறினாலும் காசு போகும். இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்தால் இரவு ஏழுக்குத்தான் பல கடைகளில் மறுபடி பற்றவைப்பார்கள். மூன்று மணிக்குப் பசியோடு அலைகிறவர்கள் சுற்றுலா மூலையில் 'நாள் முழுவதும் உணவு' என்ற பலகைக்குக் கீழ் போய் விழுவார்கள். அங்கே விலையும் சரியில்லை, ருசியும் சரியில்லை.

தண்ணீருக்குக் காசு தர வேண்டியதில்லை. 'யுன் காராஃப் தோ' என்று கேட்டால் சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும். 'தண்ணீர்' என்று மட்டும் கேட்டால் 5 யூரோ கனிமநீர்ப் புட்டி வரும். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியது. டிப்ஸ் வைக்காமல் எழுந்தால் யாரும் முறைக்கமாட்டார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர் சாலட் என்ற சொல்லை நம்பக்கூடாது. 'சலாத் லாந்தேஸ்' என்ற பெயரில் வருவது வாத்தின் இரைப்பைத் துண்டுகள் தூவிய தட்டு. பல சாதாரண சாலட்களிலும் லார்தோன் என்ற பன்றித் துண்டு கிடக்கும். தட்டு வந்தபின் கண்டுபிடித்தால் இன்னொரு உணவுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும். சேன்-மிஷேல் பகுதியின் வட ஆப்பிரிக்கக் கடைகளில் காய்கறிக் கூஸ்கூஸ் இதைவிட நம்பகமான இரவுச் சாப்பாடு, மலிவும்கூட. ஊரின் பெயர்பெற்ற கனெலே பலகாரத்தில் முட்டையோடு ரம்மும் சேர்கிறது. மது தொடாதவர்கள் தெரிந்து கடிக்கலாம். ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கருவைப் பயன்படுத்தி மீந்த மஞ்சள் கருவில்தான் அது பிறந்தது என்று ஊரில் சொல்வார்கள். ஒயின் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒயினிலிருந்து ஒரு பிறப்புக் கதை இருக்கும்.

யோசிக்காமல் போனால்: விடுதிக் காலை உணவு 120, நான்கு மதியம் 152, நான்கு இரவும் மேசைச் சாப்பாடு இருவருக்கும் 70 வீதம் 280, காபி, கனெலே 30. மொத்தம் 582. யோசித்துப் போனால்: காலை 40, மதியம் அதே 152, இரண்டு இரவு 70 வீதம் 140, இரண்டு இரவு 30 வீதம் 60, காபி 30. மொத்தம் 422. இந்த 160 யூரோ வித்தியாசத்தில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. தாளில் எழுதிய 350 மட்டும் எந்த வழியிலும் நடக்காது.

ஊருக்குள் செலவு குறைவு

ஊரைப் பார்க்க அதிகம் செலவாகாது. 2007 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பழைய நகரம், பூர்ஸ் சதுக்கம், அதன் எதிரே 2006இல் அமைத்த நீர்க்கண்ணாடி, 17 வளைவுகள் கொண்ட போன் தெ பியேர் பாலம், எதற்கும் டிக்கெட் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, ஜூலை, ஆகஸ்ட் தவிர, நகராட்சி அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகள் இலவசம். நம் தம்பதிக்கு அந்த நாள் வாய்க்கவில்லை. அகித்தேன் அருங்காட்சியகம் திங்களிலும் நுண்கலை அருங்காட்சியகம் செவ்வாயிலும் மூடியிருக்கும்.

டிராம் டிக்கெட் சுமார் 2 யூரோ, ஒரு மணி நேரம் செல்லும். அதற்குள் எத்தனை வண்டி மாறினாலும் ஒரே டிக்கெட்தான். ஆனால் ஒவ்வொரு வண்டியிலும் ஏறியதும் இயந்திரத்தில் காட்ட வேண்டும். மாறும்போது காட்டாமல் விடுவதுதான் வெளியூர்க்காரர்கள் அபராதம் கட்டும் வழி. காரோன் ஆற்றில் ஓடும் பொதுப் படகிலும் இதே டிக்கெட் செல்லும். தனியார் படகுச் சுற்றுலாவுக்கு ஆளுக்கு 15, 20 கொடுக்கும் முன் இதைப் பார்க்கலாம். விமானத்திலேயே போர்தோவுக்கு வருகிறவர்களுக்கு 2023 ஏப்ரலிலிருந்து டிராம் மெரிஞ்ஞாக் விமான நிலையம் வரை போகிறது, சாதாரண டிக்கெட்டில்.

2016இல் திறந்த சித்தே து வானுக்கு டிராம் 'பி'. 22 யூரோ நுழைவில் எட்டாம் மாடியில் ஒரு கோப்பை ஒயின் அடக்கம். குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறு. குறைந்தது இரண்டரை மணி நேரம் வேண்டும். மாலை நாலரைக்குப் போனால் கட்டணத்தில் பாதி வீண். நகர அட்டை எனப்படும் சிட்டிபாஸ் வாங்கலாமா என்பதற்கு ஒரே சோதனைதான்: அந்த மணிகளுக்குள் உண்மையிலேயே எத்தனை இடத்துக்குள் நுழைவீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். சித்தே து வானோடு மேலும் இரண்டு அருங்காட்சியகம் என்றால் யோசிக்கலாம். நம் தம்பதியைப் போல ஒன்று மட்டும் என்றால் வேண்டாம்.

கடைசி மூன்று கிலோமீட்டர்

பட்ஜெட் உடையும் இடம் இதுதான்.

பக்கத்து ஒயின் ஊரான சாந்த்-எமிலியோன் எளிது. சேன்-ஜானிலிருந்து தெஎர் வட்டார ரயில், 35, 40 நிமிடம், ஆளுக்கு ஒரு வழி 10 யூரோ அளவில். இருவருக்கும் போக வர 40. முதல் தாளில் இந்த 40 இல்லை. ஷாத்தோக் கட்டணத்தை எழுதியவர்கள் அங்கே போய்ச்சேரும் செலவை எழுதவில்லை. ரயில் நிற்கும் இடம் ஊரிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி, திராட்சைக் கொடிகளுக்கு நடுவில் ஆளில்லாத ஒரு சிறு நிறுத்தம். டாக்ஸி காத்திருக்காது. இருபது நிமிட நடை, மழை பெய்தால் சேறு. நடக்க முடியாதவர்கள் முன்கூட்டியே வண்டி சொல்லிவைக்க வேண்டும். ஊருக்குள் போய்விட்டால் நடந்தே போகும் தூரத்தில் வில்மொரின், லே கொர்தலியே போன்ற நிலவறைகள் இருக்கின்றன. இன்னொரு வாகனம் தேவையில்லை. பாறையைக் குடைந்து கட்டிய ஒற்றைக்கல் தேவாலயத்துக்கு வழிகாட்டியோடு மட்டும்தான் நுழைய முடியும். சுற்றுலா அலுவலகத்தில் டிக்கெட், இருவருக்கும் 30 என்று வையுங்கள். ஷாத்தோவில் ஒரு சுற்று 40. அன்றைய நாள் 110 யூரோவில் அடங்கும். ரயில்களுக்கு நடுவே நீண்ட இடைவெளிகள் உண்டு. திரும்பும் வண்டியின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு அதற்கேற்பச் சுவைக்கும் நேரத்தைப் பதிய வேண்டும், எதிர்த்திசையில் அல்ல.

போர்தோவுக்கு வடக்கே உள்ள ஒயின் வட்டாரமான மெதோக் அப்படியில்லை. மார்கோ, போயாக் என்ற பெயர்களெல்லாம் ரயில் வரைபடத்தில் இருக்கின்றன. அதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். நிலையத்திலிருந்து ஷாத்தோக்கள் இரண்டு, மூன்று கிலோமீட்டரில் சிதறிக் கிடக்கின்றன. இரண்டு ஷாத்தோவை ஒரே நாளில் பதிந்தால் நடுவே இன்னும் சில கிலோமீட்டர், பல இடங்களில் நடைபாதை இல்லாத சாலை. காலைச் சுற்று பதினொன்றரைக்கு முடிந்து அடுத்தது இரண்டு மணிக்கு என்றால், நடுவில் எல்லோரும் டாக்ஸியைத்தான் தேடுவார்கள்.

டாக்ஸி ஏன் அத்தனை விலை? பிரெஞ்சு டாக்ஸி மீட்டரில் வாடிக்கையாளரை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் ஓட்டத்துக்குத் தனி விகிதம். பகலில் அது 'சி' விகிதம், கிலோமீட்டருக்கு உள்ளூர் ஓட்டத்தைப்போல ஏறத்தாழ இருமடங்கு. போர்தோவிலிருந்து மார்கோ சுமார் 30 கிலோமீட்டர். ஒரு வழி 70 யூரோ. போக வர 140, சுவைப்புக் கட்டணம் 50, ஆக 190. செயலியில் அழைக்கும் வண்டி போகும்போது கிடைக்கும். திரும்பும்போது கொடிகளுக்கு நடுவில் நின்று திரையைத் தேய்த்தால் ஒரு காரும் தெரியாது.

வாடகைக் கார்? மது தொடாதவர் ஓட்டலாமே என்று தோன்றும். சட்டப்படி நல்ல வழி. ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு ஒரு சுவைப்பு முடிந்து இரண்டாவதுக்குப் போகும் முன்பே நெருங்கிவிடக்கூடும். ஆனால் வலப்பக்கச் சாலை, காப்பீட்டு மேல்தொகை, கடன் அட்டையில் முடங்கும் முன்பணம், ஊருக்குள் நிறுத்தும் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் ஒரு நாளுக்கு 100க்கு மேல். இரண்டு நாளாவது கிராமப்புறத்தில் சுற்றுகிறவர்களுக்கு மட்டும் பொருந்தும். சிற்றுந்தில் கூட்டிப்போகும் அரைநாள் சுற்றுலா ஆளுக்கு 90, 100. தனியாகப் போகிற ஒருவருக்கு டாக்ஸியைவிட அது மேல். இருவருக்கு டாக்ஸிக் கணக்கும் அதுவும் ஒன்றுதான்.

விடை போர்தோவை ஒட்டிய பெஸாக் பக்கம் இருக்கிறது. ஊர் வளர்ந்து வளர்ந்து சில ஷாத்தோக்களைத் தன் வீடுகளுக்கு நடுவே வளைத்துக்கொண்டது. பாப் கிளேமோன் ஒன்று. ஃபிலிப் ஸ்தார்க் வடிவமைத்த, நீர்மூழ்கி போன்ற ஒயின்கூடம் உள்ள லே கார்ம் ஓ-பிரியோன் இன்னொன்று. டிராம் அல்லது பஸ் டிக்கெட்டிலேயே போய்வரலாம். சுவைப்புக்கு இருவருக்கும் 50 என்று வைத்தால், மெதோக் நாளின் 190, 50 ஆகக் குறைகிறது. மெதோக்கின் கோட்டை மாளிகைகளைப் பார்க்காமல் வருவது சிலருக்குக் குறையாகத் தோன்றும். அந்தக் குறையின் விலை 140 யூரோ. தெரிந்தே கொடுக்கலாம், தெரியாமல் கொடுக்கக்கூடாது.

எங்கே போனாலும் குறைந்தது மூன்று, நான்கு வாரம் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். தேதி, எத்தனை பேர், எந்த மொழியில் விளக்கம், ஒருவர் குடிக்கமாட்டார் என்பது, நான்கும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். குடிக்காதவருக்குக் கட்டணத்தைக் குறைக்கும் ஷாத்தோக்கள் உண்டு. கேட்காவிட்டால் யாரும் குறைப்பதில்லை. செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும் அறுவடை. பல இடங்களில் பார்வையாளர்களைச் சேர்ப்பதில்லை. வார இறுதியில் மூடும் ஷாத்தோக்களும் நிறைய. கதவு மூடியிருந்தால் போன டாக்ஸிக் காசு திரும்பாது.

இரண்டாவது தாள்

திட்டமில்லாமல் போனால் வரும் தொகையைக் கூட்டிப் பார்க்கலாம். ரயில் 250, விமான நிலையப் போக்குவரத்து 56, அறை 440, வரி 20, சாப்பாடு 582, டிராம் 40, சித்தே து வான் 44, சாந்த்-எமிலியோன் 110, மெதோக் 190, புட்டிகள் 100. மொத்தம் 1,832. எல்லாவற்றையும் இந்திய வங்கியின் சாதாரண அட்டையில் தேய்த்தால் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் வரை, சுமார் 64. ஆக 1,896 யூரோ.

முதல் தாளைவிட 692 அதிகம். இந்த 692ஐப் பிரித்தால் போக்குவரத்து 336, சாப்பாடு 232, அட்டைக் கட்டணம் 64, தேவாலய நுழைவு 30, வரி 20. ஒயின் சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும், அதாவது அருங்காட்சியகம், சுவைப்பு, புட்டி மூன்றிலும் சேர்த்து, எகிறியது வெறும் 10 யூரோ.

திருத்திய திட்டம்: பயணத்தை விடுமுறைக்கு முந்தைய வாரத்துக்கு நகர்த்தி இரண்டு மாதம் முன்பு ரயில் பதிந்தால் இருவருக்கும் 130. அறுவடை முடியும் தறுவாய் என்பதால், ஷாத்தோவுக்கு அதற்கும் முன்பே எழுதி, உறுதிக் கடிதம் வந்தபின்தான் ரயில். விமான நிலையம் 56, அறை 440, வரி 20, சாப்பாடு 422, டிராம் 30, சித்தே து வான் 44, சாந்த்-எமிலியோன் 110, பெஸாக் 50, புட்டிகள் 110. மொத்தம் 1,412. யூரோ ஏற்றிய பயண அட்டையில் செலவு 15 என்று வைத்தால் 1,427. இதற்கு மேல் பத்து சதவீதம், அதாவது 140 யூரோ, கையிருப்பாக ஒதுக்க வேண்டும். கடையில் அட்டை இயந்திரம் 'ரூபாயிலா, யூரோவிலா' என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாயை அழுத்தினால் இயந்திரக்காரர் தன் விருப்பப்படி ஒரு மாற்று விகிதம் போட்டுக்கொள்வார்.

புட்டி வாங்குவது

ஷாத்தோ வாசலில் வாங்கினால் மலிவு என்ற நம்பிக்கை போர்தோவில் எடுபடாது. பெரிய பெயர்கள் தங்கள் ஒயினை நேகோசியான் என்ற மொத்த வணிகர்கள் வழியாகத்தான் விற்கின்றன. அந்த வணிகர்களோடு போட்டி போடும் விலையை வாசலில் வைக்கமாட்டார்கள். ஊருக்குள் ஒரு நல்ல கடையில் அதே புட்டி அதே விலையிலோ குறைவாகவோ கிடைக்கும். கிரான் தேயாத்ருக்கு எதிரே சுழல் மாடிக் கடையான லன்தான்தானில் கீழ்ச்சுற்றுப் புட்டிகளே 20 யூரோ வரம்புக்குப் பொருந்தும். மேலே ஏற ஏற விலையும் ஏறும். வாங்கும் முன் ருசி பார்க்க, அருகிலேயே போர்தோ ஒயின் சங்கம் நடத்தும் பார் அ வானில் கோப்பை சில யூரோதான். ஞாயிறு திறப்பதில்லை.

இந்தியாவுக்குள் ஒரு பெரியவர் தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர். 750 மில்லி புட்டி இரண்டு என்றால் 1.5 லிட்டர். மூன்றாவது வைத்தால் 2.25, வரம்பு தாண்டும். இங்கேதான் சோத்தெர்ன் இனிப்பு ஒயினின் அரைப் புட்டி உதவுகிறது: 375 மில்லி, சேர்த்தால் 1.875 லிட்டர். இருவருக்கும் நான்கு முழுப் புட்டி 20 வீதம் 80, இரண்டு அரைப் புட்டி 15 வீதம் 30. மேலே சொன்ன 110 இப்படி வந்ததுதான். முழுப் புட்டி ஒன்று 1.3 கிலோவாவது இருக்கும். திரும்பும் பெட்டியில் 6, 7 கிலோ இடம் விட்டே சென்னையிலிருந்து கிளம்ப வேண்டும்.

110ஐ ஒரே கடையில் வாங்குவதற்கும் காரணம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறலாம். வரி 20 சதவீதம் என்றாலும் இடைத்தரகர் கழிவு போகக் கைக்கு வருவது 12 சதவீதம் அளவில், நம் கணக்கில் 13 யூரோ. இறுதித் தொகை 1,414 ஆகிறது. இந்த வரியைத் திரும்பப் பெறுவதற்கான தெதாக்ஸ் படிவத்தை எல்லாக் கடையும் தருவதில்லை. காசு கொடுக்கும் முன், கடவுச்சீட்டைக் காட்டிக் கேட்க வேண்டும்.

படிவத்தை ஷார்ல் தெ கோலில் சுங்கத்துறையின் பாப்லோ இயந்திரத்தில் காட்டிப் பதிய வேண்டும். சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். ஒயின் கைப்பையில் போகாது, பெட்டிக்குள்தான் இருக்கும். ஆகவே பாப்லோ முதலில், பெட்டியை விமான நிறுவன மேசையில் போடுவது அதற்குப் பின். வரிசை மாறினால் புட்டி விமானத்தின் வயிற்றுக்குப் போய்விடும், படிவம் மட்டும் கையில் இருக்கும்.